கோபப்படுகிறவர்களின் பட்டியல்

போன மாதம் நூருல் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில், பதிவாளர் அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். "காக் மாலா, இந்த ரெண்டு வகுப்பு விதியைக் கொண்டு வந்தது யாரு? பைல்ல ஆறு கையெழுத்து இருக்கு. ஒண்ணுகூட உங்களுது இல்ல. ஆனா யாரைக் கேட்டாலும் உங்களைக் கேக்கச் சொல்றாங்க" என்று மலாயில் கேட்டாள்; காக் என்றால் அக்கா.

"உனக்கு நேரம் இருக்கா?" என்றேன். இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பாவம், ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். கடைசியில், "இதையெல்லாம் எழுதி வைங்க காக், எனக்குப் பிறகு வர்றவங்க என்னைக் கேப்பாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

விதி சின்னதுதான். பகுதிநேர டிப்ளோமா படிப்பில் ஒவ்வொரு பாடத்தையும் வாரத்தில் இரண்டு தடவை நடத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு தடவை, சனிக்கிழமை காலை அதே பாடம் இன்னொரு தடவை. மாணவர் எதில் வந்து உட்கார்ந்தாலும் வருகைதான். இவ்வளவுதான் விஷயம். இதைக் கொண்டு வர ஒன்றரை வருடம் ஆனது. ஒரு பெண்ணின் ஆறு வருடப் படிப்பும் அதில் போனது.

என்னைப் பற்றி நாலு வரி போதும். பிறந்தது ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில். ஆறாம் படிவம் வரை குளுவாங்கில் படித்தேன். தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி, துணைப் பதிவாளர் வரை வந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். "மாலா முகம் சரியில்ல, பைலை நாளைக்குக் கொண்டு போ" என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கலைவாணியை முதலில் பார்த்தது கவுண்டரில். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ், முதுகில் பை, கையில் பரீட்சைத் தடைக் கடிதம்.

அந்தக் கடிதம் எப்படிப் போகிறது என்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் பகுதிநேர வகுப்பு சனிக்கிழமை மட்டும். விரிவுரையாளர் வருகைத் தாளைச் சுற்றுக்கு விடுவார், மாணவர் கையெழுத்துப் போடுவார், தாள் திங்கட்கிழமை எங்களிடம் வரும். நூற்றுக்கு எண்பது வருகை இல்லாதவர் பெயரைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு சிவப்பு மையில் அச்சடித்துப் பலகையில் ஒட்டுவோம். ஒட்டுவது என் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் மாறி மாறி வேலை செய்கிறவளுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமை பகல் ஷிப்டில் விழுந்துவிடும். வருகை எண்பதை எட்டவே எட்டாது. பாடத்தில் தேறக்கூடியவளால் பரீட்சை மண்டபத்துக்குள் மட்டும் போக முடியாது.

"மிஸ், நான் ஏமாத்தலே. எனக்கு நாளு பத்தலே" என்றாள் கலைவாணி. "டிப்ளோமா கிடைச்சா டெக்னிஷியன் வேலை. ஷிப்ட் இல்ல. இப்ப என் மக தூங்கறப்ப போறேன், தூங்கறப்பதான் வர்றேன். அவ எப்படிப் பேசறான்னே பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் தேறிய பாடங்கள் அத்தனையும் செல்லாமல் போகும் என்பது இன்னொரு விதி. அவளுக்கு அப்போது ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கி நாலு பாடம்.

அவளும் ரெங்கத்துப் பக்கம் என்று தெரிந்ததும் எனக்கு மனது இளகிவிட்டது. அதில்தான் தப்பு ஆரம்பித்தது. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிரச்சினை வந்தால் மகஜர் எழுதுவோம், பெரியவர் ஒருவரைப் பிடிப்போம், பொன்னாடை போர்த்துவோம், கையெழுத்து வாங்குவோம், போட்டோ எடுப்போம். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் வட்டாரச் சங்கத்தைப் பிடித்து, 'ஷிப்டில் வேலை செய்யும் இந்திய மாணவர்களின் இன்னல்' என்று நானே மகஜர் தட்டச்சு செய்து கொடுத்தேன். செல்வாக்குள்ள ஒருவர் எங்களோடு வந்தார். கல்லூரி இயக்குநருக்கு மஞ்சள் பொன்னாடை. அவர் நல்ல மனிதர், அங்கேயே பதினோரு பேருக்குச் சிறப்பு அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டோ பத்திரிகையில் வந்தது. அதில் நான் ஓரத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கலைவாணி அந்த அனுமதியில் இரண்டு பாடம் எழுதினாள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்தப் பதினோரு பேரும் தமிழர்கள். கலைவாணியோடு அதே வரிசையில், அதே ஷிப்டில் வேலை செய்த பரீடா என்ற பெண் அதே தடைப் பட்டியலில் இருந்தாள். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வகுப்புக்கு வருவார்கள். பலகையில் கலைவாணி பெயரை நான் அடித்துவிட்டுப் போனபோது, அடுத்த வரியில் பரீடாவின் பெயர் சிவப்பாகவே நின்றது. அதை நான் கவனிக்கவே இல்லை. பொய் சொல்லக் கூடாது, கவனித்தேன். அவர்களுக்கு அவர்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பரீடா அன்றிலிருந்து கலைவாணியை மோட்டார் சைக்கிளில் ஏற்றவில்லை.

அடுத்த தவணையில் இயக்குநருக்கு மாற்றல் வந்தது. புதியவர் பைலைத் திறந்தார். "ஏன் இந்தப் பதினோரு பேர் மட்டும்?" என்று கேட்டார். அனுமதி ரத்து. கலைவாணி எழுதிய இரண்டு பாடத்தின் முடிவும் நிறுத்தி வைக்கப்பட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இன்னொரு மகஜர், இன்னும் பெரிய ஆள் என்று கிளம்பினேன். என் மேலதிகாரி ஹாஷிம், மரியாதையாக என்சிக் ஹாஷிம், என்னைக் கூப்பிட்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பதிவாளர். மெலிந்த மனிதர், குரல் உயராது. எந்தக் காகிதத்தையும் முடியாது என்று சொல்லித் திருப்பியதில்லை. இரண்டு தடவை வாசிப்பார். பென்சிலை எடுப்பார், எழுத மாட்டார், மேஜைமேல் வைப்பார். பிறகு ஒரே கேள்வி: "சியாப்பா மாரா?" யாருக்குக் கோபம் வரும் என்று அர்த்தம். யாருக்கும் வராது என்று சொன்னால் காகிதத்தைத் திருப்பித் தந்துவிடுவார். "யாருக்கும் கோபம் வராத காகிதம் ஒண்ணும் செய்யாது மாலா. போய் நல்லா யோசிச்சிட்டு வாங்க" என்பார். இருபது வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அந்தக் கேள்வியை ஒரு கிண்டலாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று என் இரண்டாவது மகஜரை வாசித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"எனக்குத்தான் கோபம்" என்றேன்.

"அது தெரியுது. மத்தவங்க யாரு? பேர் பேரா எழுதிட்டு வாங்க. மகஜரை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். சிறப்பு அனுமதி கேட்டால் யாருக்குக் கோபம் வரும், எல்லாருக்கும் இரண்டு வகுப்பு என்று விதியே கேட்டால் யாருக்குக் கோபம் வரும் என்று இரண்டையும் யோசித்தேன். பரீடா. அவளைப் போல அனுமதி கிடைக்காத மலாய், சீன மாணவர்கள். ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்த வேண்டிய விரிவுரையாளர்கள். ஷிப்ட் அட்டவணை போடும் தொழிற்சாலை, அங்குள்ள தொழிற்சங்கம். செவ்வாய் மாலை ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைக்க வேண்டிய ஊழியர்கள். தரம் குறைந்துவிடும் என்று பயப்படும் துணை இயக்குநர். எழுதி முடித்துப் பார்த்தால், யாரையும் நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

முதலில் விரிவுரையாளர் புவான் ரோஹானா; புவான் என்றால் திருமதி. கலைவாணிக்குப் பாடம் எடுத்தவர். உள்ளே போய் உட்காருவதற்குள் சொல்லிவிட்டார்: "போன தடவை என்கிட்ட வந்திருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன் மாலா. என் மாணவி, என் வகுப்பு. நான் பேப்பரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்." என் முகம் சுருங்கிப் போனது. மன்னிப்புக் கேட்டேன். நான் சுலபத்தில் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: இரண்டாவது வகுப்பைத் தயவுக்கு நடத்தும் வகுப்பாக வைக்கக் கூடாது, அவர்களுடைய வேலை நேரத்தில் எண்ண வேண்டும். நியாயம்தானே. அதை எழுதிக்கொண்டேன்.

அடுத்து தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு அதிகாரி மிஸ்டர் டான். கறுப்புக் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு நேராகவே பேசினார். "டிப்ளோமா வாங்கினதும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போயிடுவாங்க லா. நான் எதுக்கு உதவணும்?"

"இப்ப டிப்ளோமா இல்லாமலே போறாங்களே" என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்தபிறகுதான் உண்மையான தலைவலி வெளியே வந்தது. சனிக்கிழமை என்றால் படிக்கிற பிள்ளைகள் தங்களுக்குள் ரகசியமாக ஷிப்டை மாற்றிக்கொள்கிறார்களாம். இயந்திரத்துக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று மேற்பார்வையாளருக்கே தெரியாது. ஒருநாள் விபத்து நடந்தால் என் கழுத்துத்தான் போகும் என்றார். இரண்டு வகுப்பு இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று நான் சொன்னபோது காப்பியைக் கீழே வைத்துவிட்டார். தவணை தொடங்க ஒரு மாதம் முன்பே வகுப்பு அட்டவணை அவருக்கு வர வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

தொழிற்சங்கமும் ஆய்வுக்கூட ஊழியர்களும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. கஷ்டம் பரீடாதான். கேண்டீனில் என் எதிரில் உட்கார்ந்து, "நீங்க இப்ப எதுக்கு என்னைத் தேடி வர்றீங்க? உங்க லிஸ்ட் கிழிஞ்சதாலயா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, மாணவர்கள் சார்பில் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் அதில் எந்த இனத்தின் பெயரும் இருக்கக் கூடாது என்றாள். போகும்போது, "கலைவாணிக்கு எத்தனை பாடம் பாக்கி?" என்று மட்டும் கேட்டாள்.

காகிதத்தை ஒன்பது தடவை திருத்தி எழுதினேன். என்சிக் ஹாஷிம் கடைசிப் பிரதியில் ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் மேல்.

எனக்குச் சுருக்கென்றது. "ஒன்பது தடவை எழுதினது நான் என்சிக்."

"தெரியும். உங்க பேர்ல போனா, நீங்க ஓய்வு பெற்ற அன்னைக்கு இதுவும் ஓய்வு பெற்றுடும். போன தடவை இயக்குநர் பேர்ல போச்சு, அவர் கூடவே மாற்றலாகிப் போயிடுச்சு. ரோஹானா கொண்டு வரட்டும், டான் கடிதம் குடுக்கட்டும். கூட்டத்துல நீங்க பேசவே வேண்டாம்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் என் பெயர் இல்லாமல் சுத்தப் பிரதி எடுத்துக் கொண்டுபோய் வைத்தேன்.

கல்விக் குழுக் கூட்டம் காலை பத்து மணிக்கு. நான் குறிப்பெடுக்க மூலையில். ரோஹானா பேசினார், நன்றாகவே பேசினார். தொழிற்சாலைக் கடிதம் வாசிக்கப்பட்டது. துணை இயக்குநர் எதிர்ப்பார் என்று பயந்தோம். அவர் எதிர்க்கவில்லை. "நல்ல விதி. புதுசா சேர்றவங்களுக்கு மட்டும்னா இன்னைக்கே ஏத்துக்கலாம். பழைய மாணவர்களுக்கும்னா, நிறுத்தி வச்ச முடிவு எல்லாத்தையும் திறக்கணும். அது மறுபடியும் ஆய்வுக் குழுவுக்குப் போகணும்" என்றார்.

ஆய்வுக் குழு என்றால் இன்னொரு வருடம். அதற்குள் இயக்குநர் மாறலாம், டான் மாறலாம். ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும் என்றால் கலைவாணிக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய ஆறு வருடம் அந்தத் தவணையோடு முடிகிறது. தேறிய பதினான்கு பாடமும் போய்விடும். அவளால்தான் இதெல்லாம் ஆரம்பித்தது.

ரோஹானா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்சிக் ஹாஷிமும் பார்த்தார். பேசக் கூடாது என்று சொன்ன மனிதர், இப்போது நீ சொல் என்பது போலப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து, ஏற்றுக்கொள்ளலாம் என்று அசைத்தேன். விதி நிறைவேறியது. எல்லாரும் கை குலுக்கினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அவளிடம் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாசிர் கூடாங்கில் ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலைப் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சுருக்கமாகச் சொன்னேன்.

"என்னாலதானே ஆரம்பிச்சீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கு மட்டும் இல்லையா?"

"இல்லம்மா."

"நீங்க அங்க இருந்தீங்களா? ஏதாச்சும் சொன்னீங்களா?"

"ஒண்ணும் சொல்லலே. சொல்லியிருந்தா யாருக்கும் கிடைச்சிருக்காது."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறி, நான் நின்ற பக்கத்துக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்துப் புதிய மாணவர் பதிவு நாள். புது விதியின்படி முதல் சேர்க்கை. வரிசையில் கலைவாணி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு பரீடா. பரீடாவின் ஆறு வருடமும் முடிந்து போயிருந்தது. இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள்.

படிவத்தை வாங்கினேன். முதல் தவணை, முதல் பாடத்திலிருந்து. "கலை, அந்தப் பழைய பாடமெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"பழசைப் பேசாதீங்க அக்கா. சாப்பை அடிங்க, பின்னால ஆள் நிக்குது."

முத்திரையை அடித்தேன். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோபம் தீர்ந்து கூப்பிட்டாளா, அவசரத்தில் கூப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

நாலைந்து தவணை நன்றாக ஓடியது. சிவப்புப் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கியது. பிறகு மூன்றாவதாக ஒரு இயக்குநர் வந்தார். செலவைக் குறைக்க வேண்டும், செவ்வாய் வகுப்பை எடுத்துவிடலாம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். என்சிக் ஹாஷிம் அதற்குள் ஓய்வு பெற்று மூவாரில் ஆடு வளர்க்கப் போயிருந்தார். நானும் ஓய்வு பெற ஐந்து மாதம்தான் பாக்கி. சுற்றறிக்கையைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பைலைத் தூக்கிக்கொண்டு ரோஹானாவின் அறைக்கு ஓடினேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க கடிதம் நேத்தே போயிடுச்சு மாலா. தொழிற்சாலைக் கடிதம் முந்தா நாளே வந்துடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மிஸ்டர் டான் வேலை மாறிப் போய், அவர் இடத்துக்கு வந்த பெண் அதிகாரியை நான் பார்த்ததுகூட இல்லை. தொழிற்சங்கமும் தானாக எழுதியிருந்தது. மாணவர் கடிதத்தில் கையெழுத்துகள் மூன்று பக்கம், எல்லா இனத்தவரும் கலந்து கலந்து. என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குக் காரை ஓட்டும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கலைவாணி டிப்ளோமாவை வாங்கியது நான் ஓய்வு பெற்ற பிறகு. இப்போது அவள் டெக்னிஷியன், காலை எட்டுக்குப் போய் ஐந்துக்கு வருகிறாள். மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரும்போது கத்துகிறாளாம், அந்த மகளே எனக்குப் போனில் புகார் சொன்னாள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது அதற்கு முன் நடந்த ஒரு கூட்டம்.

அத்தனை கடிதம் வந்ததும் இயக்குநர் இறங்கி வந்தார். மறுபரிசீலனைக் குழு ஒன்று போட்டார். விரிவுரையாளர், தொழிற்சாலை, தொழிற்சங்கம், மாணவர் என்று ஆளுக்கு ஒரு பிரதிநிதி. மாணவர் பிரதிநிதியாகப் பரீடாவும் மற்றவர்களும் சேர்ந்து கலைவாணியை அனுப்பியிருந்தார்கள். குழுவின் செயலாளர் நான். என் கடைசி வேலை அதுதான்.

இரண்டு வகுப்பும் இருக்கட்டும், ஆள் குறைந்த சில பாடங்களை மட்டும் சேர்த்து நடத்தலாம் என்று முடிவானது. எல்லாருக்கும் திருப்தி. துணை இயக்குநர் அதே மனிதர். பைலை மூடப் போனார்.

கலைவாணி கை தூக்கினாள். சுத்தமான மலாயில், அவசரமில்லாமல் பேசினாள். "இந்த மாற்றமோ, இனிமே வர்ற எந்த மாற்றமோ, நடுவுல படிச்சிட்டிருக்கிற மாணவர் தேறின பாடத்தைச் செல்லாமப் பண்ணக் கூடாது. அதை விதியிலேயே எழுதணும்."

"அது சிக்கல்" என்றார் துணை இயக்குநர்.

"சிக்கல்தான் துவான். போன தடவை எனக்குப் பதினாலு பாடம் போச்சு. பரவாயில்லை, நான் திரும்பப் படிக்கிறேன். இன்னொருத்தருக்குப் போகக் கூடாது. இல்லேன்னா இந்தக் காகிதத்துல மாணவர் கையெழுத்து இருக்காது."

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ரோஹானா ஆதரிக்கிறேன் என்றார். தொழிற்சாலைப் பெண்மணி, எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை என்றார். தொழிற்சங்கக்காரர் மேஜையைத் தட்டினார். துணை இயக்குநர் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் தலையசைத்தார்.

கலைவாணி என் பக்கம் திரும்பினாள். "கூட்டக் குறிப்புல ஏறிடுச்சா, புவான் மாலா?"

"ஏறிடுச்சு."

"ஒருதடவை வாசிங்க."

செயலாளர் உட்கார்ந்தபடி வாசிப்பதுதான் வழக்கம். நான் எழுந்து நின்று வாசித்தேன்.